பத்து நாள் விரதம் நிற்கிறது, வருடத் தீர்மானம் ஏன் நிற்பதில்லை?

எங்கள் வீட்டில் புத்தாண்டு தொடங்குவது ஜனவரி 2 சாயங்காலம்தான். மொரிஷியஸில் புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை. முதல் நாள் விருந்திலும் உறவினர் வீடுகளிலும் போய்விடும். இரண்டாம் நாள் மாலை, தெருவில் பட்டாசுக் காகிதம் சிவப்பாகச் சிதறிக் கிடக்க, எல்லோரும் ஓய்ந்து உட்காருவோம். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி உட்கார்ந்தபோது என் மகள் ஒரு நோட்டைத் திறந்து, ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல எழுதினாள். வீட்டில் தமிழ் பேச வேண்டும். அப்பா சர்க்கரையைக் குறைக்க வேண்டும். எல்லோரும் நடக்கப் போக வேண்டும். போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். மாமியார் உட்பட ஐந்து பேரும் கீழே கையெழுத்துப் போட்டோம்.

பள்ளிக்கூடம் திறந்தது. மாதம் முடிவதற்குள் அந்த நோட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் பழையபடி இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். அப்புறம் தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் கொடி ஏறியது. பத்து நாள் விரதம். கோழி இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடும் என் பன்னிரண்டு வயது மகன் பத்து நாளும் பருப்பும் காயும் சாப்பிட்டான். ஒருவர்கூடத் தவறவில்லை. காவடியன்று வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பிடும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அதே ஐந்து பேர், அதே வீடு. ஒன்று நின்றது, மற்றது நிற்கவில்லை.

பக்தி முதல் காரணம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விரதம் அமைந்திருக்கும் விதத்தைக் கவனித்தால், இலக்குகளைப் பற்றி உளவியலாளர்கள் ஐம்பது வருடமாகச் சோதித்துக் கண்டவற்றில் பலவும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

கரும்பு வெட்டுக் காலத்தில் கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போன அனுபவம் இந்தத் தீவில் எல்லோருக்கும் உண்டு. அதே போன்ற லாரிகளை வைத்து, மரம் ஏற்றும் ஓட்டுநர்களிடம் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கேரி லேதம் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். சட்டப்படி ஏற்றக்கூடிய எடையில் 60 சதவீதம் அளவுக்கே அவர்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முடிந்த அளவு ஏற்றுங்கள் என்று சொல்லியிருந்தும் அவ்வளவுதான். பிறகு 94 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொன்னார்கள். சில மாதங்களில் சுமை 90 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றது. 1975இல் வெளியான இந்த முடிவும், எட்வின் லாக்குடன் சேர்ந்து லேதம் பிறகு திரட்டிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. தெளிவான, கொஞ்சம் சிரமமான இலக்கு, "முடிந்ததைச் செய்வோம்" என்பதை விட நன்றாக வேலை செய்கிறது.

காரணம் எளிது. முடிந்த அளவு என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு செய்தாலும் அதுதான் முடிந்த அளவு என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும். எண் இருந்தால் மிச்சம் எவ்வளவு என்று கண்ணில் படும், அந்த மிச்சம்தான் ஆளை உந்தும். விரதத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. பத்து நாள், மீன் இறைச்சி கிடையாது. இரவு படுக்கும்போது இன்று விரதம் இருந்தோமா இல்லையா என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. "அப்பா சர்க்கரையைக் குறைக்க வேண்டும்" என்பதில், என் கணவர் அன்று குறைத்தாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

விரதமே "சாப்பிடாதே" என்கிற விலக்கல்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்வீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் புத்தாண்டுத் தீர்மானங்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. "இதைச் செய்வேன்" என்று வைத்துக்கொண்டவர்களில் 58.9 சதவீதம் பேர் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். "இதை விடுவேன்" என்றவர்களில் 47.1 சதவீதம். விடுவதற்குச் சதா காவல் வேண்டும், செய்வதற்கு ஒரு நேரம் இருந்தால் போதும். ஆனால் விரதத்தை எங்கள் மாமியார் நடத்தும் முறையைப் பாருங்கள். கொடியேற்றத்துக்கு முன்பே பத்து நாளுக்கும் என்ன சமையல் என்று எழுதிவைத்துவிடுவார். விலக்கல் அப்படியே ஒரு செயலாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய காரணம் சமையலறையில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

விரதத்துக்கு முந்தின நாள் எங்கள் ஃபிரிட்ஜ் காலியாகும். உறைபெட்டியில் இருக்கும் மீனைச் சமைத்து முடிப்போம், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம். கவிச்சி சமைத்த சட்டிகளைத் தேய்த்துக் கழுவித் தனியே எடுத்து வைப்போம். அதன்பின் கோழி சாப்பிட வேண்டுமானால் மகன் அதற்காக வெளியே போக வேண்டும். ஆசையோடு சண்டை போடும் சந்தர்ப்பமே குறைந்துவிடுகிறது. மனவுறுதியைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம். உண்மையில், நல்ல கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று பெயரெடுத்த பலரும் சபலத்துக்கு எதிரே போய் நிற்பதையே தவிர்க்கிறவர்கள்.

இதற்கு உலகமே எடுத்துக்காட்டும் சான்று ஒன்று நம் தீவிலேயே உண்டு. 1987 வரை இங்கே ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். இரத்தத்தில் கொழுப்பைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு அதில் அதிகம். அந்த ஆண்டில் அரசாங்கம் ரேஷன் எண்ணெயைச் சோயா எண்ணெயாக மாற்றியது. வீட்டுப் பெண்கள் யாரும் புதிதாகத் தீர்மானம் எடுக்கவில்லை. அதே கடை, அதே தாளிப்பு, அதே வாணலி. 1992இல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. ஆய்வுக்கூட ரிப்போர்ட்டில் சில ஊர்களில் போடும் மில்லிகிராம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 213இலிருந்து 182. அந்த ஆண்டுகளில் உடல்நல விழிப்புணர்வுப் பிரசாரமும் நடந்தது உண்மை. ஆனாலும் இந்த இறக்கத்தில் எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு என்றே ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே ஐந்து ஆண்டுகளில் அதிக எடையும் உடல் பருமனும் கூடின. இன்றும் இங்கே பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. எண்ணெய்ச் சட்டியில் நடந்தது மற்ற இடங்களில் நடக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். அதனால்தான் குடும்பமாகச் சேர்ந்து இலக்கு வைக்கும்போது, யார் எதை விட வேண்டும் என்று பட்டியல் போடுவதற்கு முன்னால், வீட்டுக்குள் எதை வாங்கி வைக்கிறோம், எது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன். வீட்டில் ஒருவருக்கு மட்டும் இலக்கு வைத்தால் அலமாரி மாறாது. ஐந்து பேருக்கும் வைத்தால் மாறும்.

சரி, ஒருவர் மாறினால் மற்றவர் மாறுவார்களா? இங்கிலாந்தில் வயது முதிர்ந்த 3,722 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. மனைவி தொடர்ந்து புகைத்துக்கொண்டிருந்த வீடுகளில் ஆண்களில் 8 சதவீதம் பேரே புகைப்பதை விட்டார்கள். மனைவியும் விட்ட வீடுகளில் 48 சதவீதம் பேர் விட்டார்கள். உடற்பயிற்சியிலும் இதே கதை: துணையும் சுறுசுறுப்பாக மாறிய வீட்டில் மூன்றில் இரண்டு ஆண்கள் மாறினார்கள், மாறாத வீட்டில் கால்பங்குதான். பெண்களின் எண்களும் ஏறக்குறைய இவையே.

கூட்டத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. 1979இல் அமெரிக்க உளவியலாளர் பிப் லடானே குழுவினர் ஆட்களைத் தனியாகவும் கூட்டமாகவும் கைதட்டவும் கத்தவும் சொல்லி ஓசையை அளந்தார்கள். ஆறு பேர் சேர்ந்தால் ஆறு மடங்கு ஓசை வரவில்லை. ஒவ்வொருவரும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவர்களை நாமே பார்த்திருக்கிறோம். ஆனால் பிறகு நடந்த சோதனையில், தன் பங்கு தனியே அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தத் தளர்ச்சி மறைந்துவிட்டது. எங்கள் நோட்டில் "எல்லோரும் நடக்க வேண்டும்" என்று இருந்தது. எல்லோரும் என்று எழுதியதால் அது யாருடைய வேலையாகவும் ஆகவில்லை.

அடுத்து, நேரம். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் பல ஆண்டுகளாக ஒரு சின்ன வாக்கியத்தைச் சோதித்துவருகிறார்: "இது நடந்ததும் நான் இதைச் செய்வேன்." 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இப்படித் திட்டமிட்டவர்கள் வெறும் விருப்பம் வைத்திருந்தவர்களைவிடத் தெளிவாக முன்னே இருந்தார்கள். எப்போது செய்வது என்ற முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுவதால் அந்த நேரத்தில் மனம் பேரம் பேசுவதில்லை. சூழலில் இருக்கும் குறிப்பே ஆளை எழுப்புகிறது.

அதையே திரும்பத் திரும்பச் செய்தால் மூளைக்குள்ளும் ஒரு மாற்றம் நடக்கிறது. ஆன் கிரேபியல் என்ற அமெரிக்க நரம்பியலாளரின் ஆய்வுக்கூடத்தில் எலிகளைச் சிறிய சந்துப் பாதையில் ஓடவிட்டு, மூளையின் அடியாழத்தில் இருக்கும் பேசல் காங்லியா பகுதியில் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். முதலில் ஓட்டம் முழுவதும் துடிப்பு இருந்தது. பழகப் பழக அது தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் குவிந்தது. நடுவில் இருப்பது ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுவிடுகிறது, தொடக்கக் குறிப்பு கிடைத்தால் மூட்டை தானே அவிழும். தாளிக்கும்போது அடுத்து கடுகா உளுந்தா என்று நாம் யோசிக்காதது இதனால்தான்.

இந்தக் கட்டு விழ எத்தனை நாள்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லேலி 96 பேரிடம் சோதித்தார். நடுத்தரக் கணக்கு 66 நாள், ஆனால் ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகலாம் என்று அவர் கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. எனக்குப் பிடித்த முடிவு இன்னொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் படிவதில் சொல்லத்தக்க பாதிப்பு இல்லை.

ஆக, ஒரு வருடம் என்று வைப்பதில் அர்த்தமில்லை. நாள் கணக்கில் நாம் எல்லோரும் கொஞ்சம் பேராசைக்காரர்கள். கனடாவில் மாணவர்களிடம் ஆய்வறிக்கை எப்போது முடியும் என்று கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். ஜனவரி 2இல் தொடங்கினால் 66 நாள் மார்ச் 12 தேசிய தினத்துக்குச் சற்று முன் முடிகிறது. அதுவே நல்ல எல்லை. தவறினாலும் நம் தீவுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. புதிய வாரம், புதிய மாதம், பிறந்தநாள் போன்ற திருப்பங்களில் மனிதர்கள் புதிதாகத் தொடங்கத் துணிகிறார்கள் என்று 2014இல் ஹெங்சென் டாயும் கேத்தரின் மில்க்மனும் ஜேசன் ரீஸும் காட்டினார்கள். நமக்குச் சீனப் புத்தாண்டு, உகாதி, சித்திரை என்று வாசல் திறந்துகொண்டே இருக்கும்.

போன ஜனவரி 2 அன்று மறுபடி உட்கார்ந்தோம். ஒரே இலக்கு. மாலை விளக்கேற்றி, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் பத்து நிமிடம் தமிழ். போன்கள் கூடத்து டிராயரில். பங்கை அவரவரே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அதில் நான் பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் தானாக விரும்பிச் செய்வதைத்தான் பிள்ளைகள் தொடர்வார்கள். 1973இல் மார்க் லெப்பர் நடத்திய ஆய்வில், படம் வரையப் பிரியப்பட்ட சின்னக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே பரிசு பேசி வரையவைத்ததும், பின்னால் அவர்கள் தாங்களாக வரைவது குறைந்தது. அதனால் பரிசும் பேசவில்லை. மகள் ஒரு திருக்குறளைச் சொல்வதாகச் சொன்னாள். கணவர் அன்றைய ஒரு செய்தியை. மகன் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "நான் பாட்டிகிட்ட ஒரு கேள்வி கேக்கறேன், அவ்வளவுதான்" என்றான். சரி என்றோம். ஃபிரிட்ஜ் கதவில் காலண்டரை ஒட்டி, ஆளுக்கு ஒரு நிறப் பேனா வைத்தோம்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். முதல் வாரத்தில் மகனின் பச்சைக் கோடுகள் அவசரமாகக் கிறுக்கியவை. நடுவில் இரண்டு கட்டம் முழுக்கக் காலி. சூறாவளி எச்சரிக்கை வந்து, கரண்ட் போய், ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மூன்றாம் நாள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவன்தான் தொடங்கினான்.

"பாட்டி, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ பெரிய சூறாவளி வந்துச்சா?"

1960 பிப்ரவரியில் காரோல் சூறாவளி அடித்தபோது மாமியாருக்கு ஒன்பது வயது. கூரைத் தகரம் பறந்த சத்தத்தையும், அவருடைய அப்பா பிள்ளைகளை மேசைக்கடியில் தள்ளிவிட்டு மேலே குனிந்து நின்றதையும் சொல்ல ஆரம்பித்தார். சில சொற்கள் மகனுக்குப் புரியவில்லை. "தகரம்னா?" என்று கேட்டான், அவர் விரலால் மேலே காட்டினார். பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. மெழுகுவர்த்தி தீர்ந்து இன்னொன்று ஏற்றினோம்.