புதுக்காரின் மென்மையான பெயின்ற்: கட் அண்ட் பொலிஷுக்குக் கொடுக்கமுன் தெரிந்திருக்க வேண்டியவை

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறந்ததிலிருந்து யாழ்ப்பாண றோட்டுகளில் புது ஜப்பான் கார்கள் கூடிவிட்டன. கூடவே ஒரு முறைப்பாடும் அடிக்கடி வருகிறது: "எடுத்து மூண்டு மாசம்தான், வெயிலுக்க நிப்பாட்டினா போனெற் முழுக்க வட்டம் வட்டமாக் கீறு." இதற்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில் கட் அண்ட் பொலிஷ், அதாவது மேற்படையைக் கொஞ்சம் தேய்த்தெடுத்துப் பளபளப்பாக்குவது. பதினைந்து வருட வான் ஒன்றுக்கு அது பொருந்தும். புதுக்காருக்கு, அதிலும் கறுப்பு டொயோட்டாவுக்கோ ஹொண்டாவுக்கோ, எடுத்த எடுப்பிலேயே கட்டிங் கொம்பவுண்ட் (தேய்த்து வெட்டும் துகள் கலந்த பசை) பிடிப்பது தேவையில்லாத வெட்டு.

கணக்கைப் பாருங்கள். கம்பனி பெயின்ற் எல்லாப் படையும் சேர்ந்து பொதுவாக 90 முதல் 130 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கும் நிறமில்லாத படையான கிளியர் கோற் 35 முதல் 50 மைக்ரோன்தான். நல்ல ஃபினிஷிங் பொலிஷ் ஒரு மைக்ரோனுக்கும் குறைவாக எடுக்கும். மெஷினில் மாட்டும் ஊல் (கம்பளி) பாட்டும் கடும் கொம்பவுண்டும் சேர்ந்தால் ஒரே தடவையில் 3, 4 மைக்ரோன் போகலாம். போனது திரும்பி வராது. வெயிலைத் தாங்கும் சக்தி அந்தப் படையின் தடிப்பில்தான் தங்கியிருக்கிறது. நிழலில்லாத முற்றத்தில் நாள் முழுக்க நிற்கிற கார் என்றால் இதை இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

புது பெயின்ற் இன்னும் காயவில்லை, அதனால்தான் மென்மை என்று சொல்வார்கள். அது சரியில்லை. தொழிற்சாலையில் ஏறத்தாழ 140 பாகை செல்சியஸில் சுட்டுத்தான் வெளியே விடுகிறார்கள். மென்மை அந்தக் கிளியரின் ரெசின் வகையால் வருவது. ஐந்து வருடம் போனாலும் அப்படியே இருக்கும். இடிபட்டு இங்கே கராஜில் அடித்த பெயின்ற்றின் கதை வேறு. அதை 60 பாகையளவில்தான் சூடாக்குவார்கள், அது இறுக உண்மையிலேயே வாரக்கணக்கில் ஆகும்.

உங்கள் கார் எந்த வகை? முதலில் கலர் கோட்டை, அதாவது நிறத்தின் குறியீட்டு இலக்கத்தை, பாருங்கள். டொயோட்டாவில் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் சி/டிஆர் என்ற வரியின் முதல் மூன்று இலக்கம் அதுதான். 202 கறுப்பு மென்மைக்குப் பேர்போனது. துணியால் சும்மா துடைத்தாலே கோடு விழும். 040 வெள்ளை பல மாடல்களில் கிளியர் இல்லாத ஒற்றைப் படை. பொலிஷ் பண்ணும்போது பாட்டின் முகத்தில் வெள்ளை ஒட்டினால் அது பெயின்ற்றின் நிறமேதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மற்றக் கலரில் பாட்டின் முகத்தில் நிறம் வந்தால் கிளியர் முடிந்துவிட்டிருக்கலாம், உடனே நிறுத்துங்கள். கோட் தெரியாவிட்டால் கண்ணில் படாத ஒரு மூலையில் மென்மையான ஃபோம் பாட்டில் ஃபினிஷிங் பொலிஷ் வைத்துக் கையால் பத்துப் பதினைந்து தரம் தேயுங்கள். கீறல் அதற்கே மங்கினால் மென்மையான பெயின்ற்.

இனிக் கொம்பவுண்ட். மென்மையான பெயின்ற்றில் கீறலை எடுப்பது சுலபம். எடுத்த பிறகு புகை படிந்ததுபோல் ஒரு மங்கல் விடாமல் முடிப்பதுதான் கஷ்டம். அதனால் தெரிவை ஆக மென்மையானதிலிருந்து தொடங்குங்கள். 3எம் வரிசையில் பச்சை மூடி வெட்டுவதற்கு, மஞ்சள் மூடி நடுத்தரம், நீல மூடி கடைசி முடிப்புக்கு. புதுக்காருக்கு மஞ்சளுக்கு மேலே போகத் தேவையில்லை, பச்சைப் போத்தல் அலுமாரியில் இருக்கட்டும். மென்சேர்னாவில் 400 கடும் வெட்டு, 2500 நடுத்தரம், 3500உம் 3800உம் முடிப்பு. இலக்கம் கூடக் கூட மென்மை. மெகுவையர்ஸ் எம்205 மென்மையான பெயின்ற்றுக்கு நம்பிப் பிடிக்கக்கூடிய ஒன்று. எம்105 அப்படியல்ல.

துகள் நடந்துகொள்ளும் விதமும் ஒன்றல்ல. சில பொலிஷில் துகள் வேலையின்போது உடைந்து உடைந்து நுணுகும். அதைப் பாதியில் நிறுத்தினால் உடையாத துகளின் கோடு பெயின்ற்றில் நிற்கும். எம்205 போன்றவற்றில் துகள் அளவு மாறாது. அதை நீட்டி நீட்டித் தேய்ப்பதால் லாபமில்லை. எண்ணெய் வற்றிய பிறகு தேய்த்தால் மங்கல்தான் மிஞ்சும்.

எண்ணெயும் ஃபில்லரும் (கீறலை நிரப்பி மறைக்கும் பொருள்) கூடிய மலிவுக் கொம்பவுண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கார் பளபளக்கும். நாலைந்து தரம் கழுவியதும் கீறல் எல்லாம் திரும்ப வரும், ஏனென்றால் அது போகவேயில்லை, மூடப்பட்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஐசோப்ரோபைல் அல்ககோல் கலவையால் துடைத்துப் பார்த்தால் போதும். 70 வீத அல்ககோல் ஒரு பங்கு, வடித்த தண்ணீர் ஐந்து பங்கு. இதைவிடக் கடுமையாகக் கலந்தால் மென்மையான பெயின்ற் ஊதி, உண்மையான நிலை தெரியாமல் போகலாம்.

பாட் வாங்கும்போது நிறத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். 3எம்மில் நீலம் ஆக மென்மை. ரூப்பெஸில் நீலம் ஆகக் கடினம், அங்கே மஞ்சள் மென்மை, வெள்ளை அதைவிட மென்மை. 3எம் கணக்கில் ரூப்பெஸ் நீலத்தை வாங்கி முடிப்பு வேலை செய்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கம்பளியும் மைக்ரோஃபைபர் பாட்டும் இந்த வேலைக்கு வேண்டாம்.

மெஷின், சுழன்றபடியே அலையும் டியூவல் அக்‌ஷன் என்றால் நல்லது. ஒரே அச்சில் மட்டும் சுழலும் றோட்டரியைக் கை பழகாதவர் பிடித்தால் வெயிலில் ஹோலோகிராம் (வளைந்தோடும் ஒளிக்கோடு) ஓடும். காரைக் கழுவி, தார் எடுத்து, தேவையென்றால் மட்டும் மென்மையான கிளே (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிக் கட்டி) பிடியுங்கள்; அதுவும் மென்மையான பெயின்ற்றில் கோடு விடும், சோப்புத் தண்ணீர் தாராளமாக வேண்டும். விளிம்புகளுக்கும் றப்பர் பீடிங்குக்கும் மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். பிறகு போனெற்றில் 45 சதம மீற்றர் சதுரம் ஒன்றைச் சோதனைக்கு எடுங்கள். ஐந்து அங்குலப் பாட்டுக்கு முதல் தடவை முகம் முழுக்கப் பொலிஷைத் தடவி, அதன் பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று நான்கு கடலையளவுத் துளி. ஆறு வேகமுள்ள மெஷினில் 3 அல்லது 4. குறுக்கும் நெடுக்குமாக நான்கு தரம், பாதிக்குப் பாதி மேலே விழும்படி மெதுவாக. கடைசி இரண்டு தரம் மெஷினின் பாரம் மட்டும் போதும், கை அழுத்தம் வேண்டாம். துடைத்து எல்இடி வெளிச்சத்தில் பாருங்கள். திருப்தியென்றால் அந்தச் சேர்க்கையோடுதான் முழுக் காருக்கும் போக வேண்டும். போதாவிட்டால் ஒரு படி மட்டும் மேலே.

மங்கல் நின்றால் உடனே கொம்பவுண்டைக் குறை சொல்லாதீர்கள். பாட் பொலிஷில் ஊறிக் கிடக்கலாம்: ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பிரஷால் தட்டி, ஒரு காருக்கு ஐந்தாறு பாட் மாற்ற வேண்டும். தகடு சூடாக இருக்கலாம்: இங்கத்தை வெயிலில் போனெற் தொட முடியாமல் கொதிக்கும், காலை வேளையில் கூரைக்குக் கீழே செய்யுங்கள். சோளகக் காற்று தூக்கிவரும் புழுதி இருக்கலாம்: வைகாசிக்குப் பிறகு திறந்த கொட்டிலில் இந்த வேலை வேண்டாம். அல்லது துணியாகவே இருக்கலாம். நன்றாக முடிந்த இடத்தில் பொலிஷ் இல்லாமல் துணியால் மட்டும் ஒரு தரம் துடைத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் குற்றவாளி அதுதான். ஓரம் தைக்காத தடித்த மைக்ரோஃபைபர், வாங்கியதும் சொஃப்ட்னர் போடாமல் கழுவியது, காய்ந்த பொலிஷில் வைக்காமல் அல்ககோல் கலவை தெளித்த பிறகு வைப்பது. இந்த மூன்றும் பிடிபட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

பூச்சு எதுவானாலும், 9எச் என்று எழுதிய செரமிக்காக இருந்தாலும், மண் ஒட்டிய ஸ்பொஞ் கீறத்தான் செய்யும். 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் கடின அளவுகோல், வேறொன்றுமில்லை. சேவிஸ் ஸ்டேஷனில் பத்து வாகனத்துக்குப் பிடித்த துணியை உங்கள் காரில் வைக்க விடாதீர்கள். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது, வெயிலில் தானாகக் காய விட்டால் வெள்ளைப் புள்ளி பெயின்ற்றில் ஊறிவிடும். கழுவிய கையோடு ஒற்றித் துடையுங்கள். புள்ளி புதிதென்றால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒற்றி, ஒரு நிமிடத்தில் அலசிவிடலாம். நல்லூரிலோ முறிகண்டியிலோ பூசை முடிந்து பூசிய சந்தனத்தையும் திருநீற்றையும் காய்ந்த பிறகு துணியால் தேய்த்து எடுக்காதீர்கள், தண்ணீர் விட்டு ஊறவைத்து ஓட விடுங்கள்.