முதலில் காற்று, கடைசியில் உயரம்

திருநெல்வேலியிலிருந்து எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் மண் மாறிவிடும். தெற்கே திசையன்விளை, உவரிப் பக்கம் போனால் சிவந்த தேரி மணல். வடக்கே மானூரைத் தாண்டினால் கரிசல். மேற்கே அம்பாசமுத்திரம், பாபநாசம் நெருங்கும்போது வயல் வண்டலும் மலையடிவாரப் பாறையும். ஐந்து திணையும் கொண்ட சீமை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு சிக்கலும்கூட. ஒரு மண்ணுக்கென்று செய்த மாற்றம் அடுத்த மண்ணில் காலை வாரிவிடும்.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, கைமாறி வந்த பழைய ஜிப்சி என்று எதை வாங்கினாலும் முதல் ஆசை உயரத்தில்தான் போய் நிற்கிறது. ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு அங்குலம் தூக்க வேண்டும், முரட்டு டயர் வேண்டும், கூரையில் கேரியர், அதன் மேல் வரிசையாக விளக்கு. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பட்டறையில் விட்டு முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன். வண்டியில் எங்கே கை வைத்தாலும் அதன் சுமை வேறோர் இடத்தில் போய் இறங்கும். எங்கே இறங்குகிறது என்று தெரிய வேண்டுமானால், ஒன்றை மட்டும் மாற்றி, நம் மண்ணில் ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

முதல் மாற்றத்துக்குக் காசே வேண்டாம். டயரில் காற்றை இறக்குவதுதான் அது.

ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) காற்று இருந்தால், ஒரு சதுர செ.மீ. தரை ஏறக்குறைய 2.25 கிலோவைத் தாங்குகிறது. வகுத்துப் பார்த்தால் மண்ணைத் தொடும் பரப்பு 200 சதுர செ.மீ. வரும், 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம். காற்றை 16-க்கு இறக்கினால் பரப்பு 400 ஆகிறது. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும், ஆனால் போக்கு இதுதான். கவனிக்க வேண்டியது, அகலம் பெரிதாகக் கூடுவதில்லை. நீளம்தான் இரட்டிக்கிறது.

அந்த நீளம்தான் தேரியில் வண்டியைக் காப்பாற்றுகிறது. தேரி மணலின் சிவப்பு, ஒவ்வொரு மணல்மணியின் மேலும் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடின் நிறம். ஆனி, ஆடிக் காற்று அள்ளி உருட்டிப் போட்ட நுண்மணல் அது. காய்ந்திருக்கும்போது ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் பிடிமானம் கிடையாது. 2.25 கிலோ அழுத்தத்தோடு ஏறும் சக்கரம் உடனே குழி பறிக்கும். அப்புறம் அது தான் பறித்த குழியின் கரையை ஏறிக்கொண்டே ஓட வேண்டும், இன்ஜினின் பலமெல்லாம் அந்த ஏற்றத்துக்கே போய்விடும். அழுத்தம் பாதியானால் குழி ஆழமில்லாமல் போகும்; நீண்ட தடத்துக்கடியில் அதிக மணல் சேர்ந்து நின்று, சக்கரம் பின்னால் தள்ளும்போது சரியாமல் பிடித்துக்கொள்ளும். மழை பெய்து இரண்டு நாள் ஆன தேரியில் இவ்வளவு இறக்க வேண்டியதில்லை. மணிகளுக்கு இடையில் நிற்கும் மெல்லிய நீர்ப்படலமே அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும்.

16-க்கும் கீழே போவதில் ஆபத்து உண்டு. வளைவில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார் ரோட்டில் ஏறும் முன் மறுபடி காற்று அடித்தே ஆக வேண்டும். தொய்ந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் வெப்பம். சித்திரை வெயிலில் 80 கி.மீ. வேகத்தில் போனால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்து ரப்பரைப் பிளந்துவிடும். ஆகவே நல்ல அளவுமானி ஒன்றும், 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்றும் முதலில் வாங்குங்கள். பெரிய டயருக்கு ஏற்ற கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தை சிகரெட் லைட்டர் துளையின் ஃபியூஸ் தாங்காது. பேட்டரி முனையில் நேரடியாகக் கவ்வும் வகைதான் உதவும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, முள். காற்று இறங்கிய டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். சீமைக் கருவேலமும் உடைமரமும் வேலியாக நிற்கிற தடத்தில் அந்தப் பிதுக்கம் முள்ளுக்கு நேராகப் போய் நிற்கிறது. திசையன்விளைப் பக்கம் ஒரு பஞ்சர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் டயரைச் சுழற்றி, கட்டைவிரல் நீள முள்ளைக் குறடால் உருவிக் காட்டினார். “இது தரையில கிடந்த முள்ளு இல்ல அண்ணாச்சி. கொப்புல இருந்தது பக்கத்துல ஏறியிருக்கு. இதை ஒட்ட முடியாது.” ஓடுபரப்பில் பஞ்சரானால் ரப்பர்த் திரியைத் திணித்து அடைத்துவிடலாம். மடங்கி விரிகிற பக்கச்சுவரில் அந்தத் திரி நிற்காது. அதனால் புதர் நெருக்கும் தடத்தில் இறக்கியதைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போவதே நல்லது.

டயரை மாற்றும் காலம் வந்தால், கரிசலும் தேரியும் எதிரெதிராக இழுக்கும். கரிசல் மண்ணிலுள்ள களி தண்ணீரை அடுக்கடுக்காக உள்ளே வாங்கி உப்பி, பசைபோல் டயரின் பள்ளங்களை அடைத்துவிடும். அகலப் பள்ளமுள்ள சேற்று டயர் சுழலும் வேகத்திலேயே அதை உதறித் தள்ளும். அதே டயரைத் தேரிக்குக் கொண்டுபோனால் கட்டைகள் மணலை வாரி வாரி வெளியே எறிந்து, வண்டி அச்சுவரை புதையும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ‘ஆல் டெரெய்ன்’ வகையே நெல்லைச் சீமைக்குப் போதும் என்பது என் தீர்மானம். அளவிலும் நிதானம் வேண்டும். 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ.; அதை எடுத்துவிட்டு 215/75 ஆர்15 போட்டால் 704 மி.மீ. வண்டி உயர்வது இந்த வித்தியாசத்தில் பாதி, அதாவது 18 மி.மீ.தான். பதிலுக்குச் சக்கரத்தின் இழுவிசை ஐந்து சதவீதம் குறையும், மீட்டரில் 80 காட்டும்போது வண்டி 84-இல் ஓடும்.

அடுத்து, பெரும்பாலோர் கண்ணில் படாத ஓர் உறுப்பு, ஆக்சில் என்ற அச்சில் இருந்துகொண்டு இடது வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல். மலைத்தடத்தில் ஒரு பின்சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்தரத்தில் தொங்கும் சக்கரம் பேயாகச் சுழலும், தரையில் நன்றாகப் பதிந்திருக்கும் சக்கரம் அசையாது. சாதாரண டிஃபரன்ஷியலின் இயல்பு அது. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டியிருப்பதால் இரண்டையும் வேறுவேறு வேகத்தில் சுழல விடுகிறது. ஆனால் திருப்புவிசையை எப்போதும் இரண்டுக்கும் சமமாகவே பிரிக்கிறது. தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற மிகச் சொற்ப விசை போதும். சமமாகப் பிரிக்க வேண்டும் என்பதால் அடுத்த சக்கரத்துக்கும் அதே சொற்பம்தான் போய்ச் சேரும்.

நாலு சக்கர இழுவையைப் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் பூட்டிக்கொள்வதால் முன்னாலிருந்து இழுத்துக் கரையேறலாம். ஆனால் முன் வலது, பின் இடது என்று மூலைக்கு மூலை இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால் அந்த வழியும் அடைபடும். ஜிம்னியில் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கே பிடித்து நிறுத்துகிறது. அந்த எதிர்ப்புக்குச் சமமான விசை மறுபக்கத்துக்குப் போகிறது. 2020-இல் வந்த தாரின் சில வகைகளில் பின் டிஃபரன்ஷியல் தானாகவே பூட்டிக்கொள்ளும். இதில் நாம் வீட்டு முற்றத்தில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வண்டி சாயாமலிருக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியை, தடத்துக்குள் நுழையும் முன் ஒரு பக்கம் கழற்றிக் கட்டிவிட்டால் சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் நன்றாக இறங்கும், தரையை விடாது. தார் ரோட்டுக்கு வருமுன் அதை மாட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் வளைவில் வண்டி சாய்ந்து படுக்கும்.

தண்ணீருக்கு வருவோம். இன்ஜினின் மூச்சுக்குழாயைக் கூரைவரை ஏற்றும் ஸ்நார்க்கெலுக்கு ஆசைப்படுகிறவர்கள் பலர். நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் ஒரு மடக்குப் போனாலும் பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதைத் தடுக்க ஸ்நார்க்கெல் உதவும், தேரிப் புழுதியிலும் சற்றுச் சுத்தமான காற்று கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது சில நூறு ரூபாய் வேலை. வெகுதூரம் ஓடிய ஆக்சில் சூடாக இருக்கும். அதைக் குளிர்ந்த ஆற்று நீரில் இறக்கினால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, ஆக்சிலின் மேலுள்ள பிரீதர் என்ற சின்ன மூச்சுத்துளை வழியாக நீரை உறிஞ்சும். நாள் கழித்து வடிகால் போல்ட்டைத் திறந்தால் கியர் எண்ணெய் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இறங்கும். பல்சக்கரமும் பேரிங்கும் தேயத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது அடையாளம். எண்ணெயைத் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒன்றைப் பிரீதரில் மாட்டி, கிளிப்பு போட்டு, வண்டியின் அடிச்சட்டத்தோடு கட்டி இன்ஜின் அறையின் மேல்மூலைவரை கொண்டுபோங்கள். சக்கரம் முழுதாக இறங்கும்போது ஹோஸ் இழுபடாமலிருக்கத் தளர்வு விட வேண்டும், நுனி கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

இதையெல்லாம் செய்துவிட்டு ஓடும் வெள்ளத்தில் இறங்கிவிடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை கடந்ததை நாம் பார்த்தோம். வண்டியின் அடிப்பரப்பு ஐந்தரை சதுர மீட்டர் என்று கொண்டால், தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ. நீரும் 550 கிலோ அளவுக்கு வண்டியை மேலே தூக்கும். உள்ளே நீர் புகுவதற்குள் 30 செ.மீ. ஏறினால் வண்டியின் எடை ஏறத்தாழ முழுவதும் நீரின் மேல். இன்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கும், டயருக்குத் தரை இருக்காது. தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடினால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விளக்கு மாட்டுவது எளிது. 60 வாட் ஹாலஜன் இரண்டு போட்டால் 10 ஆம்பியர். போகவர ஆறு மீட்டர் ஒயர், 1.5 சதுர மி.மீ. தடிமன் என்றால் வழியிலேயே 0.7 வோல்ட் தொலையும். ஹாலஜனில் வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் 15 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஒயரைத் தடிமனாக்குங்கள், சுவிட்சுக்கும் விளக்குக்கும் நடுவில், சுவிட்சின் சிறு மின்னோட்டத்தில் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தை விடும் ரிலே வையுங்கள், ஃபியூஸைப் பேட்டரிக்கு மிக அருகில் வையுங்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள ஒயர் உரசித் தேய்ந்தால் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை.

சரி, உயரம். ஸ்பிரிங்கை மாற்றி 50 மி.மீ. தூக்கினால் வயிற்றுப்பகுதியும் முன் பம்பரும் மேலேறும். மேட்டில் முட்டாது, முகட்டில் தட்டாது. ஆனால் இடது வலது சக்கரங்களை ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில் உள்ள வண்டியில் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயேதான் தொங்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். தேரிப் பனங்காட்டில் கட்டையில் இடிபடுவது பெரும்பாலும் அந்தக் குண்டுதான்.

இனி ஈர்ப்பு மையம். 1,800 கிலோ வண்டிக்கு அது தரையிலிருந்து 70 செ.மீ. என்று ஒரு கணக்குக்குக் கொள்வோம். சக்கரமும் ஆக்சிலும் உயர்வதில்லை என்பதால் ஸ்பிரிங் மாற்றத்தில் அது 4 செ.மீ. போல ஏறும். கூரை கேரியரில் 190 செ.மீ. உயரத்தில் 60 கிலோ ஏற்றினாலும் ஏறக்குறைய அதே 4 செ.மீ. ஏறுகிறது. பட்டறைக்கே போகாமல், ஒரு கேரியரும் ஸ்டெப்னியும் தண்ணீர் கேனும் ஸ்பிரிங்கால் தூக்கியதற்குச் சமமான ஆபத்தைக் கொடுத்துவிடுகின்றன. இரண்டும் சேர்ந்தால், இடது வலது சக்கர இடைவெளி 152 செ.மீ. உள்ள வண்டி கவிழும் சாய்வு 47 டிகிரியிலிருந்து 44-க்கு இறங்கும். இது அசையாமல் நிற்கும் வண்டியின் கணக்கு. ஓடும்போது தாழ்ந்த பக்க ஸ்பிரிங் அமுங்கும், சக்கரம் ஒரு குழியில் விழும். உண்மையான எல்லை இதைவிட வெகு கீழே.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிக் காப்பை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது. மோதலின் விசையை உறிஞ்ச வேண்டிய பகுதியைத் தாண்டி நேராக வண்டியின் அடிச்சட்டத்துக்கு அனுப்புவதும், ஏர்பேக் சென்சாரைக் குழப்புவதும் அந்தக் கம்பியின் குணம். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். குதிரைமொழித் தேரியில் காப்புக்காடு இருக்கிறது. அங்கெல்லாம் தடம் விட்டு இறங்க நமக்கு உரிமை இல்லை. பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஓட்டலாம்.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்து, விதிக்குள் நின்று ஸ்பிரிங்கை மாற்றியவருக்குச் சில வேலைகள் மிச்சமிருக்கும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடு, உடல் உயர்ந்ததும் வட்டவில்லில் நகர்ந்து ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். நீளத்தைச் சரிசெய்யும் வகை ராடு வேண்டியிருக்கலாம். பிரேக் ஹோஸ் முழு இறக்கத்தில் இழுபடுகிறதா என்று ஜாக்கி போட்டுப் பார்க்க வேண்டும். முன்விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதை இறக்க வேண்டும். கடைசியாக, அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை (புஷ்) உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. நாலு சக்கரமும் தரையில் நின்று முழு எடையும் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். தொங்கலில் இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சில மாதங்களில் கிழிந்துவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சை எடுத்து அதே போல்ட்டுகளை, அதே தரையில் நிறுத்தி, இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.