பணம் ஏன் மேல் மாகாணத்திலேயே தங்கிவிடுகிறது?

இலங்கையின் நிலப்பரப்பில் மேல் மாகாணம் 6 வீதம்கூட இல்லை. மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 40 வீதம் கொழும்பு, கம்பஹா, களுத்துறை என்ற இதன் மூன்று மாவட்டங்களிலிருந்துதான் வருகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வின்படி, கொழும்பு மாவட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 2.3 வீதம், நுவரெலியாவில் 26.3, முல்லைத்தீவில் 44.5. அதுவும் 2022 நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

இதைச் சொன்னால் உடனே இரண்டு பதில் வரும்: கொழும்பு ஆட்கள் ஓடியோடி உழைக்கிறார்கள், மற்றப் பக்கம் யுத்தத்தில் அழிந்தது. முல்லைத்தீவு இருக்கும் வன்னியை யுத்தம் நாசமாக்கியது முழு உண்மை. ஆனால் யுத்தக்களமாக இல்லாத, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா ஏன் இப்படி இருக்கிறது? உழைப்புத்தான் காரணமென்றால், மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்ணைவிட இந்த நகரத்தில் யார் கூடுதலாக உழைக்கிறார்கள்?

ஒரு இடத்தில் பணம் சேர்வதற்குப் பின்னால் ஒரு பொறிமுறை இருக்கிறது. எங்கே தொடங்கியது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கப்பலுக்கு நல்ல இடம் என்றால் திருகோணமலைதான் முதலில் வர வேண்டும், உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் அது ஒன்று. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்றதோ தெற்கே காலித் துறைமுகத்தில். கொழும்பில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கப்பலை நிறுத்துவதே பெரும்பாடு. ஆனால் மலைநாட்டுக் கோப்பியை இறக்குவதற்காக 1867இல் கண்டிக்கும் கொழும்புக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்து கப்பல் போக்குவரத்து பெருகியதும், பிரித்தானியர் 1875இல் கொழும்பில் அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். பத்து வருடத்தில் சுவர் எழுந்தது, காலி ஓய்ந்தது. இதற்குள் கோப்பி நோய் பிடித்து அழிந்தே போய்விட்டது! எந்தப் பயிருக்காகப் பாதை போட்டார்களோ அது இல்லை, பாதையும் துறைமுகமும் மட்டும் இருந்தன, தேயிலை வந்து அதே பாதையில் இறங்கியது. பிறகு வங்கி, காப்புறுதி, கப்பல் முகவர்கள், சட்டத்தரணிகள், 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் என்று எல்லாம் ஏற்கெனவே எல்லாம் இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தன.

சுவீடன் பொருளியலாளர் குன்னார் மிர்டால் 1957இல் இதைத் தெளிவாகவே எழுதினார்: சந்தையைத் தன்பாட்டில் விட்டால் அது மேடு பள்ளத்தை நிரவாது, கூட்டும். ஒரு இடத்தில் கொஞ்சம் கூடுதலாக வேலை இருந்தால் ஆட்கள் போவார்கள், ஆட்கள் போனால் கடை வரும், வங்கி வரும், வரி சேரும், பாடசாலை நன்றாகும், அதைப் பார்த்து இன்னும் ஆட்கள் வருவார்கள். விட்டுவந்த ஊரில் இதே சுழல் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், ஏனென்றால் போகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், படித்தவர்கள். அமெரிக்கப் பொருளியலாளர் போல் குரூக்மன் 1991இல் இதைக் கணித மாதிரியாகவே செய்து காட்டினார். ஒரேமாதிரியான இரண்டு பிரதேசங்களில் தொடங்கினாலும், ஒரு பக்கம் சிறிது முந்தினால் தொழில் முழுவதும் அங்கேயே குவிந்துவிடக்கூடும் என்பதுதான் அதன் சாரம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கொழும்பில் மருதானைக்குப் பக்கத்தில் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். வரிசையாக வாகன உதிரிப்பாகக் கடைகள். ஒருவர் கியர்பொக்ஸ் மட்டும் வைத்திருப்பார், பக்கத்துக் கடையில் லைட், அடுத்ததில் கதவும் பம்பரும். அதே சாமான் விற்பவருக்குப் பக்கத்திலேயே போய்க் கடை போடுவது பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் அங்கே போனால் எப்படியும் கிடைக்கும் என்று நம்பித்தான் நாடு முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள், அத்தனை பேர் வருவதால்தான் கியர்பொக்ஸ் மட்டும் விற்றும் ஒருவரால் பிழைக்க முடிகிறது. கடையில் நிற்கும் பெடியன் கொஞ்ச நாளில் சாமானைக் கையில் எடுத்ததுமே எந்த மொடல் என்று சொல்லிவிடுவான், முதலாளியோடு ஒத்துவராவிட்டால் மூன்று கடை தள்ளி வேலை கிடைக்கும். பலவகைச் சரக்கு, பழகிய கைகள், வாய்வழியாகப் பரவும் தொழிலறிவு: ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷல் 1890இலேயே இந்த மூன்றையும் சொல்லிவிட்டார்.

இனி ஒருவர் வவுனியாவில் அதே கியர்பொக்ஸ் கடையைத் திறக்கிறார் என்று வையுங்கள். வாடகை குறைவு, சரி. ஆனால் மாதத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? அதனால் யாழ்ப்பாணத்து மெக்கானிக் பஞ்சிகாவத்தைக்கே போன் எடுக்கிறார், பழைய சாமானைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார், இரவு கொழும்பு வெள்ளவத்தையில் வெளிக்கிடும் பஸ்ஸில் பொதி ஏறுகிறது, விடியும்போது யாழ்ப்பாணத்தில் இறங்குகிறது.

றோட்டுப் போட்டால் ஊர் தானாக முன்னேறும் என்ற பேச்சு இந்த இடத்தில்தான் இடிக்கிறது. றோட்டு இரண்டு பக்கமும் ஓடும். இவ்வளவு நாளும் தூரம்தான் சின்ன ஊர்க் கடைக்காரரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்றால், தூரம் குறைந்ததும் பெரிய ஊர்ச் சரக்கு அவர் வாசலுக்கே வந்துவிடும். இத்தாலி 1861இல் ஒன்றானபோது தெற்கின் ஆலைகளுக்குப் பாதுகாப்பாக இருந்த சுங்கவரி போயிற்று, அவை வடக்கோடு போட்டிபோட முடியாமல் நலிந்தன, இன்றும் தெற்கில் தலைக்கான உற்பத்தி வடக்கில் உள்ளதில் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். றோட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவாவது நல்ல றோட்டு வேண்டும். அது மட்டும் போதும் என்று நினைப்பதுதான் பிழை.

எனக்கு மனம் பொறுக்காதது தேயிலைக் கணக்கு. கொழுந்து மலையகத்தில் பறிக்கப்பட்டு, அங்கேயே தொழிற்சாலையில் தேயிலையாகி, லொறியில் கொழும்புக்கு வருகிறது. 1883இலிருந்து ஏலம் இங்கேதான். தரகர், சுவை பார்ப்பவர், கலவை செய்பவர், பையில் அடைப்பவர், களஞ்சியம், வங்கிக் கடன், கப்பல் கட்டணம், இவை எல்லாவற்றின் வருமானமும் பெரும்பாலும் மேல் மாகாணத்தின் கணக்கில் சேரும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2019 ஆய்வில் தோட்டப்புற மக்களில் பாதிக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2020இல் கொரோனா வந்ததும் ஏலம் இணையத்துக்கு மாறியது, ஆட்கள் ஒரே மண்டபத்தில் கூட வேண்டிய தேவையே போய்விட்டது. அப்படியும் தரகு நிறுவனங்களோ களஞ்சியங்களோ மலைக்கு ஏறவில்லை, துறைமுகமும் பழகிய ஆட்களும் கீழே இருக்கும்போது எதற்கு ஏறப் போகிறார்கள்?

ஒன்றைக் கவனிக்க வேண்டும், உற்பத்திக் கணக்கு வேறு, வீட்டு வருமானம் வேறு. யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுக் காசில் நிமிர்ந்து நிற்கும் வீடுகள் மாகாண உற்பத்தியில் தெரியாது. கொழும்பின் நல்ல சராசரிக்குள் மட்டக்குளிப் பக்கத்து ஒற்றை அறை வீடுகளும் மறைந்துகொள்ளும்.

உலக அளவில் பார்த்தால், சீனாவும் இந்தியாவும் வேகமாக வளர்ந்ததால் கடந்த சில தசாப்தங்களில் நாடுகளுக்கு இடையிலான இடைவெளி குறைந்தது. ஆனால் சீனாவில் அந்த வளர்ச்சி முதலில் குவிந்தது கரையோரத்தில்தான். ஷென்ஜென் 1980இல் சிறப்புப் பொருளாதார வலயமானது, உட்பகுதிக்கென்று மேற்கு அபிவிருத்தித் திட்டம் வந்ததோ 2000ஆம் ஆண்டளவில்.

அப்போ சுழலைத் திருப்பவே முடியாதா? ஜேர்மனி ஓரளவு திருப்பியது. 1990இல் ஒன்றானபோது கிழக்கில் தலைக்கான உற்பத்தி மேற்கின் பாதியைக்கூட எட்டவில்லை. 1991இல் வருமான வரிக்கு மேலே ஒற்றுமை வரி என்று இன்னொன்றைப் போட்டு, பல வருடங்களாகப் பெருந்தொகைப் பணத்தை அங்கே கொட்டினார்கள். இன்று கிழக்கு முக்கால் பங்கை ஒட்டி நிற்கிறது, டிரெஸ்டனைச் சுற்றி மைக்ரோசிப் ஆலைகளும் அவற்றுக்குச் சாமான் கொடுப்பவர்களும் பல்கலைக்கழகமும் ஒன்றாகவே இருக்கின்றன. இத்தாலியும் 1950இலிருந்து தெற்குக்கென்று தனி நிதியம் வைத்துச் செலவழித்தது, ஆனால் சுற்றிலும் ஒன்றுமில்லாத இடங்களில் தனித்தனியாகப் பெரிய ஆலைகளை நிறுத்தியது. அவற்றைப் பாலைவனத்துத் தேவாலயங்கள் என்று இத்தாலியர்களே சொல்வார்கள்.

மலையகத்து ஹட்டனில் ஒரு தேயிலை பொதியிடும் ஆலையைத் திறந்து ரிப்பன் வெட்டினாலும் இதே கதைதான் நடக்கும். பெட்டி செய்பவர், மெஷின் திருத்துபவர், சுவை பார்க்கப் பழகியவர், கடனுக்குக் கையெழுத்துப் போடக்கூடிய வங்கி முகாமையாளர் எல்லாரும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அவர்கள் வந்து காலூன்றும் வரை, முதல் பத்து வருடமாவது, அந்தச் செலவைக் கொழும்பில் சேரும் வரிதான் தாங்க வேண்டும்.