இலத்திரனியல் வடிவமைப்பில் ஃப்ரீலான்ஸ்: யாருடைய வேலையை எடுப்பது?

ஒலுவிலில் பொறியியல் படித்து முடித்த தம்பி தங்கைமார் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, ஃப்ரீலான்ஸ் வேலை எங்கே எடுக்கலாம்?" என்பதைத்தான். இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அப்வேர்க், ஃபைவர், லிங்ட்இன், தெரிந்த ஆட்கள். வந்த வேலையில் எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்பவர்கள் குறைவு. மட்டக்களப்பில் வீட்டிலிருந்தபடி போர்ட் (மின்சுற்றுப் பலகை) வடிவமைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மாதக்கணக்கில் இழுபட்டுக் கடைசியில் காசும் வராத வேலைகள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மெசேஜிலேயே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சொஃப்ட்வெயாரில் பிழை வந்தால் இரவோடிரவாகத் திருத்தி அனுப்பலாம். போர்டில் ஒரு கோடு மாறிப் போனால் புதிதாக அச்சடிக்க வேண்டும். சீனாவில் ஐந்து சிறிய போர்ட் அடிக்கச் சில டொலர்தான், ஆனால் கூரியர் அதைவிடக் கூட. சுங்கத்தைத் தாண்டி கல்லடிக்கு வந்துசேரக் கிழமைகள் போகும். இரண்டாவது திருத்தம், அதாவது பிழையைச் சரிசெய்து மறுபடி அடிப்பது, இல்லாமல் முடியும் போர்ட் அபூர்வம். "ஒருதரம் அடித்தால் சரிதானே?" என்று கேட்பவரிடம் பணம் இருக்கலாம், பொருள் எப்படி உருவாகிறது என்ற விளக்கம் இல்லை. அதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகும் திட்டத்தில் இரண்டாவது திருத்தத்துக்கு இடம் வைக்காவிட்டால், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

நிறையப் பேர் கொண்டுவரும் கனவு ஒன்று இருக்கிறது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு ட்ராக்கர் வேண்டும், மாட்டிலோ பிள்ளையின் பையிலோ போட்டுவிட வேண்டும், உள்ளே நாணயம் போன்ற ஒரு சிஆர்2032 பற்றரி, ஒரு வருடம் மாற்றத் தேவையில்லை, எந்நேரமும் இடத்தைக் காட்ட வேண்டும். கணக்குப் போட ஐந்து நிமிடம் போதும். அந்தப் பற்றரியில் இருப்பது ஏறத்தாழ 220 மில்லியம்பியர் மணி. வருடத்தில் 8,760 மணித்தியாலம். வகுத்தால் சராசரியாக 25 மைக்ரோ அம்பியர்தான் செலவழிக்கலாம். ஜிபிஎஸ் பகுதி மட்டுமே வேலை செய்யும்போது 25 மில்லியம்பியர் அளவில் குடிக்கும், ஆயிரம் மடங்கு. தொடர்ந்து ஓடவிட்டால் ஒன்பது மணித்தியாலத்தில் பற்றரி தீர்ந்துவிடும். அதுவும் தாளில்தான், உண்மையில் இந்த வகைப் பற்றரியால் அவ்வளவு மின்னோட்டத்தை ஒழுங்காகத் தரவே முடியாது. 2ஜி வலையமைப்பில் அனுப்பும் கணத்தில் இரண்டு அம்பியர் வரை இழுக்கும் என்பதை இன்னும் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கை எழுதி அனுப்புங்கள். ஒருசிலர் "அப்படியென்றால் பற்றரியைப் பெரிதாக்கலாமா, ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் அனுப்பலாமா?" என்று திரும்பக் கேட்பார்கள். அவர்களோடு வேலை செய்யலாம். "வேறொருவர் முடியும் என்று சொன்னார்" என்று பதில் வந்தால், அந்த வேறொருவருக்கே விட்டுவிடுங்கள். ஆட்களைப் பிரித்தறிய எனக்கு இதைவிட நல்ல வடிகட்டி இதுவரை கிடைக்கவில்லை.

நான் முதலில் கேட்பவை எல்லாம் எண்கள் சம்பந்தமானவை. எத்தனை யூனிட் செய்யப் போகிறீர்கள்? ஒன்றின் செலவு எவ்வளவுக்குள் நிற்க வேண்டும்? பத்து யூனிட்டுக்கும் பத்தாயிரம் யூனிட்டுக்கும் ஒரே வடிவமைப்பு சரிவராது. பத்து என்றால் ஆயத்தமாக விற்கும் ஈஎஸ்பி32 என்ற வைஃபை மொடியூலை வைத்து முடித்துவிடலாம், பத்தாயிரம் என்றால் ஒவ்வொரு ரெசிஸ்டரின் விலையும் பார்க்க வேண்டிவரும். அப்புறம், ஃபேர்ம்வெயார் (சிப்புக்குள் ஓடும் நிரல்) யார் எழுதுவது, மாதிரி கைக்கு வந்ததும் யார் சோதிப்பது என்றும் கேட்பேன். "நீங்கள்தானே எல்லாம்" என்றால் அந்த எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை எழுத வேண்டும். பதிலே இல்லாமல் "முதலில் இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் ஐடியாவைச் சொல்கிறேன்" என்பவரும், சம்பளத்துக்குப் பதில் கொம்பனியில் பங்கு தருகிறேன் என்பவரும் பெரும்பாலும் ஒரே வகை.

"தொண்ணூறு வீதம் முடிந்துவிட்டது, சின்னப் பிழை ஒன்றுதான்" என்று வரும் வேலைக்கு நிலையான விலை சொல்லாதீர்கள். மணிக்கணக்குக்கு மட்டும் எடுங்கள். "இந்தப் போர்டைப் பார்த்து அப்படியே இன்னொன்று செய்து தா" என்பது வேறு கதை. அரிசி ஆலையில் பழைய இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் போர்ட் எரிந்துவிட்டது, செய்த கொம்பனி இப்போது அதை விற்பதில்லை என்றால் அது நியாயமான, நல்ல வேலை. போட்டியாளரின் பொருளைப் பிரதி எடுக்கச் சொன்னால் விட்டுவிடுங்கள். இரண்டிலுமே ஒன்றை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்: வாசிக்க முடியாதபடி பூட்டிவைத்த மைக்ரோகொன்ட்ரோலர் சிப்புக்குள் இருக்கும் ஃபேர்ம்வெயார், போர்டைப் பிரதி எடுப்பதால் கூடவே வராது.

நல்ல வாடிக்கையாளர் எப்படி இருப்பார் என்று கேட்டால், வாகரைப் பக்கத்து இறால் பண்ணைக்காரர் ஒருவரைத்தான் சொல்வேன். குளத்து நீரில் கரைந்த ஒட்சிசனை அளந்து கைபேசியில் காட்டும் கருவி வேண்டும் என்றுதான் வந்தார். அந்தச் சென்சர் விலை கூடியது, குளத்தில் கிடந்தால் பாசி படியும், அடிக்கடி கழுவி மறுபடி அளவு திருத்த வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மகன், இரவில ஏரேட்டர் நின்டா எனக்குத் தெரிய வேணும். அவ்வளவுதான்" என்றார். விடியப்புறம்தான் குளத்தில் ஒட்சிசன் ஆகக் குறைவாக இருக்கும், அந்த நேரம் காற்றூட்டும் இயந்திரம் நின்றால் சில மணித்தியாலத்தில் இறால் சாகத் தொடங்கும். தன்னுடைய நட்டம் எங்கே வருகிறது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

வேலை உடனே சின்னதாகிவிட்டது. மோட்டரின் மூன்று கம்பிகளிலும் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப், ஒரு ஃபேஸ் போனாலும் பிடிக்க வேண்டும் என்பதற்காக. மின்சாரம் போனாலும் உயிரோடிருக்கத் தனிப் பற்றரி. எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பு, தூங்குபவரை எஸ்எம்எஸ் எழுப்பாதே. உப்புக்காற்றுக்காகப் போர்டில் பூச்சு, நீர் புகாத பெட்டி, கேபிள் நுழையும் துளைகளை அடைக்க இறுக்கமான கிளாண்ட். பெட்டிக்குள் பல்லி போய்ச் சேர்க்கிட்டை ஷோர்ட் ஆக்குவது நம் ஊரில் சாதாரணம், இதை எந்தத் தரவுத்தாளும் சொல்லாது. முற்பணம் கேட்டேன், தந்தார். சோதனைக்குத் தன் ஆளையே விட்டு, எத்தனை மணிக்கு மோட்டரை நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது என்று கொப்பியில் எழுதி வைத்தார்.

வெளிநாட்டு வாடிக்கையாளரிலும் இதே வகைதான் தேறும். ஏற்கனவே ஒரு பொருளை விற்றுக்கொண்டிருக்கும் சின்னக் கொம்பனி, உற்பத்தி நின்றுபோன சிப்பை மாற்ற வேண்டும் என்று வருவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. 2021 வாக்கில் சிப் தட்டுப்பாடு வந்தபோது இப்படிப்பட்ட வேலை நிறைய இருந்தது. தேவை தெளிவு, பழைய போர்ட் கையில் இருக்கிறது, சரியா பிழையா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சொந்தக்காரர் வழியாக வரும் வேலைக்குக் கொஞ்சம் கவனம். கனடாவில் இருக்கும் மச்சானின் நண்பருக்கு ஒரு ஐடியா இருக்கும், வட்ஸ்அப்பில் அரை மணித்தியாலம் பேசுவார், தாளில் ஒன்றும் இராது. "சின்ன வேலைதானே தம்பி, ஒரு கிழமையில முடிக்க ஏலாதா?" என்பார். வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. "அண்ணன், முதலில் தேவைகளை எழுதி ஒரு ஆவணமாகத் தருகிறேன், அதற்கு இவ்வளவு கட்டணம்" என்று ஒரு சிறு தொகையைச் சொல்லுங்கள். உண்மையாகச் செய்ய நினைப்பவர் கட்டிவிடுவார். மற்றவர்கள் மறுபடி அழைக்க மாட்டார்கள், உறவும் கெடாது.

காசு விஷயம் சுருக்கமாக. ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 வீதம் எடுத்துக்கொள்ளும், அதைச் சேர்த்து விலை போடுங்கள். அப்வேர்க்கில் விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்ற, காசுக்கு வாங்கும் புள்ளிகள் செலவாகும், ஆகவே கண்டதற்கெல்லாம் விண்ணப்பிப்பது காசைக் கரைப்பதுதான். பேபாலில் இலங்கைக் கணக்குக்குப் பணம் வாங்க முடியாத நிலை நெடுநாள் இருந்தது, அதனால் பேயோனியரோ நேரடி வங்கி மாற்றமோதான் பழகிய வழி. வேலையைப் படிகளாகப் பிரியுங்கள்: சுற்றுப்படம், போர்ட் வரைவு, முதல் மாதிரி, திருத்தம். ஒவ்வொரு படிக்கும் பணம் எஸ்க்ரோவில், அதாவது தளம் பிடித்துவைக்கும் கணக்கில், விழுந்த பின் தொடங்குங்கள். கிகாட் (வடிவமைப்பு மென்பொருள்) மூல ஃபைல்களும், போர்ட் அச்சடிக்கத் தேவைப்படும் கேர்பர் ஃபைல்களும் கடைசிப் பணம் வந்த பிறகு, அதுவரை பிடிஎஃப்.

சான்றிதழ் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். ஐரோப்பாவில் விற்க சிஇ, அமெரிக்காவில் எஃப்சிசி. ஆய்வுகூடச் சோதனை ஆயிரக்கணக்கான டொலரில் போகும். சான்றிதழ் பெற்ற வயர்லஸ் மொடியூலைப் போட்டால் செலவு குறையும், ஆனால் முழுப் பொருளுக்கும் சோதனை தேவையில்லை என்று ஆகிவிடாது. அந்தச் செலவு யாருடையது என்று எழுதாவிட்டால் கடைசியில் உங்களிடம்தான் கேட்பார்கள்.

முதல் வேலைக்குக் காட்ட ஒன்றுமில்லையே என்பவர்கள், சொந்தமாக ஒரு போர்டை முழுதாகச் செய்து முடியுங்கள். வயல் கிணற்று மோட்டருக்கு உலர்ஓட்டப் பாதுகாப்பு (தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்திவிடுவது) போதும். சுற்றுப்படம், பாகங்களின் விலைப்பட்டியல், அளந்த மின்னோட்டம், முதல் மாதிரியில் என்ன பிழை, இரண்டாவது திருத்தத்தில் எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையெல்லாம் படங்களோடு எழுதிப் போடுங்கள். விஷயம் தெரிந்த வாடிக்கையாளர் பளபளப்பான முப்பரிமாணப் படத்தைத் தாண்டிப்போய், அந்த இரண்டாவது திருத்தத்தைப் பற்றித்தான் கேள்வி கேட்பார்.