வேலையைப் பார்க்காமல் தரும் சான்றிதழ்

'இரண்டே நாளில் சர்டிஃபைட் ஃபெசிலிடேட்டர் ஆகுங்கள்' என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஃபெசிலிடேட்டர் என்றால், தன் முடிவைத் திணிக்காமல், ஒரு குழு தானே பேசி முடிவுக்கு வரும்படி கூட்டத்தை நடத்திக் கொடுப்பவர். சனி, ஞாயிறு வகுப்பு. மதியச் சாப்பாடு உண்டு. ஞாயிறு சாயங்காலம் குரூப் போட்டோ எடுத்துக் கையில் சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். தொண்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இதை எனக்கு அனுப்பி, "சேரலாமா அக்கா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகச் சேரலாம், நாலு விஷயம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தாள், நீங்கள் இரண்டு நாள் வகுப்பில் இருந்தீர்கள் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. உங்களால் ஒரு கூட்டத்தை நடத்த முடியுமா என்பதை அங்கே யாரும் பார்க்கவே இல்லை.

டாக்டருக்கும் வக்கீலுக்கும் கவுன்சில் உண்டு, பதிவு எண் உண்டு. எங்கள் தொழிலுக்கு அப்படி எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்ளலாம். அதனால்தான், காசு கொடுத்து ஃபெசிலிடேட்டரைக் கூப்பிடுகிறவர்களும், காசு கட்டிப் படிக்கிறவர்களும் வகுப்பில் உட்கார்ந்ததற்குத் தரும் சான்றிதழையும், வேலையைப் பார்த்துத் தரும் சான்றிதழையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது நல்லது.

உலக அளவில் பலரும் ஏற்றுக்கொண்டது, 1994-இல் தொடங்கிய ஐ.ஏ.எஃப். என்ற சர்வதேச ஃபெசிலிடேட்டர்கள் சங்கம் தரும் சி.பி.எஃப். (சர்டிஃபைட் புரொஃபஷனல் ஃபெசிலிடேட்டர்) தகுதி. இது படிப்பு இல்லை, மதிப்பீடு. ஏற்கெனவே களத்தில் வேலை செய்தவர்தான் விண்ணப்பிக்க முடியும். கடந்த மூன்று வருடங்களில் நடத்திய ஏழு பயிலரங்குகளின் விவரம் தரவேண்டும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர் என்ன கேட்டார், ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள், நடுவில் எது தடம் புரண்டது, என்ன முடிவு வந்தது என்று விரிவாக எழுதவேண்டும். பிறகு நேர்காணல். அதோடு, மதிப்பீட்டாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குழுவை வைத்துச் சுமார் அரை மணி நேரம் நிஜமாகவே ஓர் அமர்வு நடத்திக் காட்டவேண்டும். தேறினாலும் ஆயுளுக்கும் செல்லாது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும்.

அவர்கள் பார்க்கும் திறன்கள் ஆறு தொகுதிகளாக இருக்கின்றன. 'மேடையில் கலகலப்பாகப் பேசுதல்' என்று அதில் ஒன்றுகூட இல்லை. முதல் தொகுதியே வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது. அதற்கடுத்தது, குழுவுக்கு ஏற்ற முறையைத் திட்டமிடுவது. அதாவது, ஹாலுக்குள் கால் வைப்பதற்கு முன்பே வேலையில் பாதி வந்துவிடுகிறது. நம் ஊரில் ரொம்பப் பலவீனமாக இருப்பதும் இந்தப் பாதிதான் என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மேடம், ஒரு நாள் ப்ரோகிராம். முப்பது ஸ்டாஃப். கொஞ்சம் கேம்ஸ் வைங்க, ஜாலியா போகணும்." தேதி இருக்கும், ஹால் இருக்கும், பிரியாணிக்கு ஆர்டர்கூட ஆகியிருக்கும். எதற்காகக் கூடுகிறார்கள் என்பது மட்டும் இருக்காது. நான் கேட்பது நாலைந்து கேள்விகள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்த விஷயத்தில் முடிவு கையில் இருக்கவேண்டும்? அதை எடுக்கும் அதிகாரம் அந்த முப்பது பேருக்கு இருக்கிறதா, இல்லை மேலே ஏற்கெனவே முடிவாகிவிட்டதா? யார் வரப்போவதில்லை? முடிவானதை மறுநாள் யார் செய்யப்போகிறார்கள்? இதற்குள் பாதிப் பேர், "கலந்துபேசிட்டுக் கூப்பிடறேன் மேடம்" என்று வைத்துவிடுவார்கள். சிலர் திரும்பக் கூப்பிடுவதே இல்லை. பரவாயில்லை. முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டு, ஊழியர்களே சொன்ன மாதிரி காட்டுவதற்கு ஆள் தேடுகிறார்கள் என்றால், அந்த வேலையை மறுப்பதுதான் இந்தத் தொழிலின் ஒழுங்கு. சங்கத்தின் நெறிமுறையிலும் குழுவின் சுயாதீனத்தை மதிக்கவேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது.

ஹாலுக்குள் நடக்கும் வேலைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். ஆனால் பேசுவது தலைமை ஆசிரியரும் ஊர்ப் பெரியவர் இருவரும்தான். "நீங்களும் சொல்லுங்கம்மா" என்று மைக்கை நீட்டினால் அம்மாக்கள் சிரித்துக்கொண்டு அடுத்தவரைக் காட்டுவார்கள். அது கூச்சம் மட்டும் இல்லை. அந்தத் தலைமை ஆசிரியரிடம்தான் நாளைக்கு டி.சி. வாங்கப் போகவேண்டும்.

இங்கே மெட்டா கார்டு, அதாவது கருத்தை எழுதிச் சுவரில் ஒட்டும் அட்டை, கைகொடுக்கும். மூன்று மூன்று பேராக உட்காரவைத்து, எழுதத் தெரிந்தவர் ஒருவராவது ஒவ்வொரு மூன்றிலும் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு கார்டில் ஒரு விஷயம், பெரிய எழுத்தில், பெயர் போடாமல். அப்புறம் கார்டுகளைக் கலைத்து நாம் படிப்போம். எது எதோடு சேரும் என்று அவர்கள் சொல்லச் சொல்லச் சுவரில் ஒட்டுவோம். 'கழிவறையில் தண்ணீர் இல்லை' என்று ஐந்து கார்டு ஒரே வரிசையில் ஏறிவிட்டால், அது யாரோ ஒருவர் வைத்த புகார் இல்லை, சுவரில் இருக்கும் உண்மை. தலைமை ஆசிரியரும் கோபித்துக்கொள்ளாமல் அதைப் பார்த்துப் பேச முடிகிறது.

ஆனால் கார்டு வைத்திருப்பவரெல்லாம் ஃபெசிலிடேட்டர் ஆகிவிட முடியாது. வரிசைக்குத் தலைப்பு வைக்கும்போது, நம் மனதிலிருக்கும் தலைப்பை நைசாக நுழைக்கத் தோன்றும். 'பராமரிப்பு' என்று நாம் எழுதினால் கூட்டமும் சரி சரி என்று தலையாட்டும். அவர்கள் வாயிலிருந்து 'பொம்பளப் பிள்ளைங்க படற கஷ்டம்' என்று வருகிறவரை காத்திருந்தால் பேச்சு வேறு திசையில் போகும், வருகிற தீர்மானமும் வேறாகும். மதிப்பீட்டாளர் பார்ப்பது இந்த மாதிரி இடங்களைத்தான்: கை எப்போது நீள்கிறது, வாய் எப்போது சும்மா இருக்கிறது, இருவர் குரலை உயர்த்தும்போது நீங்கள் யார் பக்கம் திரும்புகிறீர்கள். இரண்டு நாள் வகுப்பில் இதையெல்லாம் விளக்கிச் சொல்லலாம், சோதிக்க முடியாது.

எல்லோருக்கும் சி.பி.எஃப். வேண்டுமா என்றால், வேண்டாம். கட்டணம் டாலரில், களப்பணியாளர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் பதில் சொல்வது பலருக்குத் தனிச் சுமை. 1989-இல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து, கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் போட்டுக் கூட்டம் நடத்தியே தேர்ந்தவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். ஒரு தாளும் இல்லாமல், சாதிப் பிரச்சினை வெடிக்கவிருந்த கூட்டத்தை அமைதியாக முடித்து எழுந்த அக்காக்களை எனக்குத் தெரியும். கார்ப்பரேட், ஐ.நா. அமைப்புகள், வெளிநாட்டு வேலை என்று போகிறவர்களுக்கு இந்தத் தகுதி நிச்சயம் கதவு திறக்கும். மற்றவர்களுக்கு அந்தத் திறன் பட்டியலே போதும்.

ஆள் தேடும் நிறுவனங்கள் சான்றிதழின் நகலை வாங்கி ஃபைலில் வைப்பதோடு நிற்கவேண்டாம். "இதைத் தருவதற்கு முன் நீங்கள் கூட்டம் நடத்துவதை யார் பார்த்தார்கள்?" என்று கேளுங்கள். "கடைசியாக எந்த வேலையை வேண்டாம் என்றீர்கள், ஏன்?" என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே ஆள் யார் என்று பாதி தெரிந்துவிடும்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பக்கம்: கேட்டது என்ன, போட்ட திட்டம் என்ன, நடந்தது என்ன, ஒரு மாதம் கழித்து என்ன மிஞ்சியது. உங்களைவிட அனுபவமுள்ள ஒருவரைப் பின்வரிசையில் உட்காரவைத்து, கூட்டம் முடிந்ததும் அவர் குறித்துவைத்ததை வாசிக்கச் சொல்லுங்கள். பின்னால் விண்ணப்பிப்பதாக இருந்தால், கேட்கும் ஏழு பயிலரங்கு விவரத்தையும் அந்த நோட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.