கழிமுகத்தில் நங்கூரம் போடுமுன்

வரைபடத்தில் சென்னைக் கடற்கரையைப் பாருங்கள். அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். படகு ஒதுங்க ஒரு வளைவு கிடையாது. துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. மசூலாப் படகுகள்தான் அலை தாண்டி ஆட்களைக் கரைசேர்த்தன. இன்றும் சிறு படகில் அமைதியான நீரைத் தேடுகிறவர்கள் பழவேற்காடு, கோவளம் என்று ஏதாவதொரு கழிமுகத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். படகுப் பயிற்சி தருகிற எனக்கு அங்கேதான் பயம்.

சென்ற மாசி அமாவாசையன்று இரண்டு மாணவர்களுடன் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே நங்கூரம் போட்டேன். காலை நேரம், தண்ணீர் நிறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. ஆழம் ஒன்றரை மீட்டர். நான் விட்ட கயிறு நான்கே மீட்டர். சோம்பல்தான், வேறென்ன?

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது நீர் வற்றத் தொடங்கியிருந்தது. அவ்வளவு அகன்ற ஏரி ஒரு குறுகிய வாய் வழியாக வடியும்போது ஆறுபோல் இழுக்கும்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் அதிகம். நங்கூரம் சேற்றைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. இஞ்சினை முடுக்கினால், குளிர்விக்கும் நீரோடு சேறும் ஏறி அடைத்துக்கொண்டது. வாயருகே மணல்திட்டின்மேல், வெளியேறும் நீரோடு மோதிய அலைகள் செங்குத்தாக எழுந்து உடைந்தன.

இறால் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கத்தினார்: “தம்பி, கயிற்றை விடு! இன்னும் விடு!” மீதி இருபது மீட்டரையும் விட்டோம். பிடித்தது.

கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரத்தை மேல்நோக்கித் தூக்கும். நீளமாக இருந்தால் படுக்கவைத்து மண்ணில் புதைக்கும். ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு விடுங்கள். படகின் முன்முனையான முன்னணியத்தில் கட்டுங்கள்; பின்பக்கம் கட்டினால் நீரோட்டம் படகுக்குள் ஏறிவிடும். கிளம்புமுன் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

லைஃப் ஜாக்கெட் பற்றி நான் வாதிடுவதே இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். போடாதவர் என் படகில் ஏற முடியாது.

பெரியவர் அருகே வந்து, எதை நம்பி இங்கே போட்டாய் என்று கேட்டார். வரைபடத்தைக் காட்டினேன். அதில் முகத்துவாரம் வேறிடத்தில் இருந்தது. மணல் அதை நகர்த்திவிட்டதை அவர் கையாலேயே காட்டினார்.