நாணய முகத்தில் ஒரு கண்ணாடி

புழக்கத்துக்காக அல்லாமல் சேகரிப்பாளர்களுக்காகவே தனியாக அச்சடிக்கும் ‘ப்ரூஃப்’ நாணயம் ஒன்றை விளக்கடியில் வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் பின்புலம் கன்னங்கரேலென்று இருக்கும். அதன்மேல் உருவமும் எழுத்தும் வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பின்புலம் பளீரென்று மின்னும், உருவம் மங்கிவிடும். இரண்டும் ஒரே உலோகம்தான். சாயம் எதுவும் பூசவில்லை.

வித்தியாசமெல்லாம் மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். மேடுபள்ளங்கள் அதைவிட நன்றாகச் சிறுத்திருந்தால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும். அந்தத் திசையில் நம் கண் இல்லையென்றால் பரப்பு கறுப்பாகத் தெரியும். சொரசொரப்பான இடத்திலோ ஒளி எல்லாப் பக்கமும் தெறிக்கும். எங்கிருந்து பார்த்தாலும் வெண்மைதான். இந்தக் கறுப்பு வெள்ளை முரணைத்தான் சேகரிப்பாளர்கள் ‘கேமியோ’ என்கிறார்கள்.

இதை உண்டாக்கும் விதம் அழகானது. நாணயத்தில் மேடாக இருக்கும் உருவம், அச்சில் பள்ளமாக இருக்கும். முதலில் நுண்துகள்களை வீசியடித்து எஃகு அச்சு முழுவதையும் சொரசொரப்பாக்குவார்கள். பிறகு தட்டையான பரப்பை மட்டும் வைரப் பசையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பள்ளத்தில் இருக்கும் உருவத்தை அந்த மெருகு தொடாது. அச்சடிக்கப்படும் உலோக வில்லையும் முன்கூட்டியே பளபளப்பாக்கப்பட்டிருக்கும். புழக்க நாணயத்துக்கு ஒரு அடி போதும். ப்ரூஃபுக்குக் குறைந்தது இரண்டு அடி, அதுவும் கூடுதல் அழுத்தத்தில். முதல் அடியில் எட்டாத நுண்கோடுகளுக்குள்ளும் விளிம்பின் மூலைகளுக்குள்ளும் உலோகம் அடுத்த அடியில் போய்ச் சேர்கிறது. அடித்ததும் பெட்டியில் கொட்டாமல், உறை மாட்டிய கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள்.

பழைய முறையில் அமிலத்தில் நனைத்துத்தான் அச்சைச் சொரசொரப்பாக்கினார்கள். அந்தச் சொரசொரப்பு சீக்கிரமே தேய்ந்துவிடும். புது அச்சில் முதலில் விழுந்த கொஞ்ச நாணயங்களுக்குத்தான் ஆழ்ந்த கேமியோ கிடைத்தது. பின்னால் வந்தவை வெறுமனே பளபளத்தன. ஒரே ஆண்டு, ஒரே ஆலை, ஒரே அச்சு என்றிருந்தும் இரண்டு பழைய ப்ரூஃபுகளின் விலை மடங்கு மடங்காக வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்றைக்கு குரோமியப் பூச்சும் லேசரும் வந்துவிட்டன. புதிய ப்ரூஃபில் கேமியோ இருப்பது அதிசயமே இல்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டியதில்லை.

ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஒரு மைக்ரானுக்கும் குறைவான நேர்த்தியை. அது போனால் போனதுதான். வெள்ளிச் சாமானை விபூதி போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ப்ரூஃப் நாணயத்தின்மேல் அந்தக் கை படவே கூடாது. மென்மையான துணியில் ஒட்டிய ஒரு தூசு போதும், தலைமுடி போன்ற கீறல்கள் விழுந்துவிடும். காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலமாகின்றன. மெல்லிய படலம் பொன்னிறம், நீலம் என்று நிறம் காட்டும், தடித்தால் கறுத்துவிடும். மலிவான பிவிசி உறைகளிலிருந்து கசியும் பொருள் பச்சைப் பிசுக்காகப் படிந்து உலோகத்தை அரிக்கும்.

இனி முதலீட்டுக் கணக்கு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியான 1000 ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம். அதில் 80 சதவீதம், அதாவது 28 கிராம், வெள்ளி. அதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் மேற்பரப்புக்கும் அரிதுக்கும்தான். மும்பை ஆலையின் ப்ரூஃபுகளில் ஆண்டுக்குக் கீழே அந்த ஆலையைக் குறிக்கும் ‘எம்’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 1995 வரை அது ‘பி’.

அரிது என்பது பளபளப்பிலிருந்து வருவதில்லை. அமெரிக்காவில் 1975-இல் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ப்ரூஃப் தொகுப்புகள் விற்றன. சான்பிரான்சிஸ்கோ ஆலையின் ‘எஸ்’ குறியைப் பொறிக்காமல் விட்ட ஒரு அச்சு எப்படியோ அந்த வேலைக்குள் புகுந்துவிட்டது. அந்தக் குறியில்லாத பத்து சென்ட் நாணயத்தில் இரண்டே இரண்டுதான் இதுவரை அறியப்பட்டுள்ளன. ஒன்று 2024-இல் 5 லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போனது. அதே ஆண்டின் குறி பொறித்த பத்து சென்ட் ப்ரூஃபைச் சில டாலருக்கே வாங்கிவிடலாம்.

இந்தியச் சந்தையில் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது மறு அச்சுகளில். பிரிட்டிஷ் காலத்து அரிய நாணயங்களை, சேகரிப்பாளர்கள் கேட்டதற்காக, மும்பை, கொல்கத்தா ஆலைகளே பழைய அச்சுகளை எடுத்து மறுபடி அடித்துக் கொடுத்தன; சுதந்திரத்துக்குப் பிறகும் சில காலம் இது நடந்தது. இவை போலிகள் அல்ல, ஆலையில் பிறந்தவைதான். ஆனால் முதல் ப்ரூஃபின் விலை இவற்றுக்குக் கிடையாது. இடையில் துருப்பிடித்த அச்சின் புள்ளிகளும், அதைத் திரும்ப மெருகேற்றிய தடங்களும் சிலவற்றில் கண்ணாடிப் பரப்பிலேயே படிந்திருக்கும். வாங்குவதற்கு முன் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை முதலில் அங்கே வைத்துப் பாருங்கள்.